எர்த் ராடு தடையும் ஃபால்ட் கரண்டும்: எந்த வரிசையில் அளப்பது?

மண்ணில் அடித்த எர்த் ராடின் தடையை அளக்கும் எர்த் டெஸ்டரை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்கிறார். முளைகளை அடிக்கிறார், பட்டனை அழுத்துகிறார், திரையில் 4 ஓம் என்று வருகிறது, எழுதிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அந்த 4 ஓம் ராடுடையதா, ராடோடு சேர்ந்து கிடக்கும் தண்ணீர்க் குழாயுடையதா என்று கேட்டால் பதில் இருக்காது. இந்த வேலையில் கருவி செய்யும் தவறு குறைவு. வரிசை மாறுவதால் வரும் தவறுதான் அதிகம். அதனால் படிகளை வரிசையாகவே எழுதுகிறேன். கணக்குகள் எல்லாம் 230 வோல்ட் அமைப்பை வைத்துப் போட்டவை. லைனில் மின்சாரம் இருக்கும்போது செய்யும் சோதனைகள் பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு மட்டுமே.

1. எந்த வகை எர்த்திங் என்று முதலில் பாருங்கள்

கருவியைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். ஃபால்ட் கரண்ட், அதாவது கோளாறு வந்தால் லைனிலிருந்து எர்த்துக்கு ஓடும் கரண்ட், திரும்பிப் போகும் வழி மண் மட்டும்தான் என்றால் அது டிடி அமைப்பு. சப்ளையோடு சேர்ந்து உலோகக் கம்பியாகவே எர்த் வந்தால் அது டிஎன் அமைப்பு.

இது ஏன் முக்கியம்? டிடியில் ராடுதான் எல்லாமே. டிஎன்னில் ஃபால்ட் கரண்டின் பெரும்பகுதி உலோகக் கம்பி வழியாகப் போய்விடும், ராடு துணைக்குத்தான். ஒரே 42 ஓம் ராடு ஒரு இடத்தில் உயிரைக் காக்கும் ஒரே வழி, இன்னொரு இடத்தில் உதிரி. எந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

2. கையில் இருக்க வேண்டியவை

மூன்று அல்லது நான்கு முனை எர்த் டெஸ்டர், இரண்டு முளைகள், நீளமான ஒயர் சுருள்கள், சுத்தியல், அளவு நாடா, இரண்டு பாட்டில் தண்ணீர், துரு தேய்க்க ஒரு கம்பி பிரஷ். லைன் சோதனைக்கு லூப் டெஸ்டரும் (லைனில் தொடங்கி எர்த் வழியாகத் திரும்பும் முழுச் சுற்றின் தடையை, அதாவது லூப் தடையை அளப்பது) ஆர்சிசிபி டெஸ்டரும் (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஸ்விட்சைச் சோதிப்பது). மின்சாரம் இல்லை என்று உறுதி செய்ய இரு முனை வோல்டேஜ் டெஸ்டர். மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டு. கையுறை.

அளவு நாடாவைப் பலரும் விட்டுவிடுவார்கள், காலடி வைத்து எண்ணிக்கொள்கிறேன் என்பார்கள். தூரம்தான் இந்தச் சோதனையின் உயிர், எனவே நாடாவை எடுத்துப் போங்கள்.

லீடுகளின் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு முறை அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். உடைந்த லீடு, துருப்பிடித்த கிளிப் எல்லாம் இங்கேயே மாட்டிக்கொள்ளும். வெயிலில் முளை அடித்து முடித்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

3. மின்சாரத்தை நிறுத்துங்கள், அப்புறம் எர்த்தைக் கழற்றுங்கள்

இந்த இரண்டும் இதே வரிசையில்தான் நடக்க வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்து, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வோல்டேஜ் டெஸ்டரை மின்சாரம் இருக்கும் இடத்தில் ஒரு முறை சோதித்து, பிறகு அணைத்த பக்கத்தில் பார்த்து, மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்து, டெஸ்டர் செத்துப்போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் எர்த் பாரிலிருந்து (கட்டிடத்தின் எர்த் கம்பிகள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) ராடுக்குப் போகும் கம்பியைக் கழற்ற வேண்டும்.

முதலில் எர்த்தைக் கழற்றினால் என்ன? அந்த நேரத்தில் ஒரு மோட்டாரிலோ ஹீட்டரிலோ கசிவு இருந்தால், கட்டிடத்தில் எர்த் கொடுத்த உலோகம் எல்லாம் லைன் வோல்டேஜுக்கு ஏறி நிற்கும். கழற்றிய கம்பியின் முனைக்கும் எர்த் பாருக்கும் நடுவில் உங்கள் இரண்டு கைகள் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும், கழற்றும் முன் இந்த இரண்டுக்கும் இடையே வோல்டேஜ் இருக்கிறதா, கம்பியில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பக்கத்துக் கட்டிடத்தின் கசிவுகூடக் குழாய் வழியாக வந்து சேரலாம்.

கழற்றுவது எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். கழற்றாவிட்டால் ராடோடு குழாய், கட்டிட இரும்பு, டிஎன் என்றால் சப்ளையின் எர்த் எல்லாம் இணையாக நிற்கும். அப்போது கருவி காட்டுவது அந்தக் கூட்டத்தின் தடை. 40 ஓம் ராடு 2 ஓமாகத் தெரியும்.

கழற்றியதைத் திரும்ப மாட்ட மறப்பதுதான் இதில் ஆகப் பெரிய ஆபத்து. நானே ஒரு முறை அப்படிக் கிளம்பி, வண்டியில் ஏறிய பிறகு நினைவு வந்து ஓடினேன். அன்றிலிருந்து பூட்டின் சாவியைக் கழற்றிய கம்பியின் முனையில் கட்டிவிடுகிறேன். எர்த்தைத் தொடாமல் மெயினைப் போட முடியாது.

4. முளைகளை எங்கே அடிப்பது

ராடைச் சுற்றி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ராடின் தடை முழுக்க அந்த வட்டத்துக்குள் உள்ள மண்ணில்தான் இருக்கிறது. தூரத்தில் அடிக்கும் மின்னோட்ட முளைக்கும் (கருவி கரண்டை ஓட்டும் முளை) அதே மாதிரி ஒரு வட்டம் உண்டு. இரண்டு வட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நடுவில் சமதளம், அதாவது முளையை நகர்த்தினாலும் எண் அதிகம் மாறாத பகுதி, இருந்தால்தான், அங்கே அடிக்கும் மின்னழுத்த முளை (வோல்டேஜை அளக்கும் முளை) சரியான எண்ணைத் தரும்.

3 மீட்டர் ராடு ஒன்றுக்கு மின்னோட்ட முளை 30 மீட்டர் தள்ளி இருக்கட்டும். ராடின் ஆழத்தைப்போல் பத்து மடங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மின்னழுத்த முளையை அதே நேர்கோட்டில், அந்தத் தூரத்தில் 61.8 சதவீதத்தில் அடிக்க வேண்டும், அதாவது ராடிலிருந்து சுமார் 18.5 மீட்டரில். மண் ஒரே சீராக இருந்தால் உண்மையான தடை தெரியும் புள்ளி அதுதான்.

பல ராடுகளைச் சேர்த்துப் போட்டிருந்தால் ஒரு ராடின் ஆழத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அவை பரவியிருக்கும் இடத்தின் மூலைவிட்டத்தை எடுத்து, அதைப்போல் ஐந்து மடங்காவது தள்ளிப் போங்கள்.

புதியவர்கள் இங்கே தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. புதைத்த குழாய்க்கோ கேபிளுக்கோ இணையாகக் கோட்டைப் போட்டால் கரண்ட் அந்த உலோகத்தில் ஏறிப் போய்விடும். குறுக்காகப் போடுங்கள், முடிந்தால் வேறொரு திசையிலும் ஒரு முறை அளந்து ஒப்பிடுங்கள். மீதமுள்ள ஒயரைச் சுருளிலேயே விடாமல் முழுதாக அவிழ்த்துவிடுங்கள். இரண்டு ஒயர்களையும் ஒட்டி ஓடவிடாதீர்கள்.

முளை முழங்கால் அளவு ஆழம்கூட இறங்க வேண்டியதில்லை, மண்ணை நன்றாகப் பிடித்திருந்தால் போதும். காய்ந்த மண்ணானால் முளையைச் சுற்றித் தண்ணீர் ஊற்றலாம். அந்தத் தண்ணீரை ராடுக்குப் பக்கத்தில் ஊற்றிவிடாதீர்கள். அளக்க வந்ததையே மாற்றிவிடுவீர்கள். அடிக்க மண்ணே இல்லை, கான்கிரீட் தளம்தான் என்றால் முளையைப் படுக்க வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, தண்ணீரில் ஊற விட்டால் பெரும்பாலும் வேலை நடக்கும். தார் ரோட்டில் நடக்காது.

5. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை

பட்டனை அழுத்தும் முன் கருவி காட்டும் இரைச்சல் வோல்டேஜையும் முளைகளின் தடையையும் பாருங்கள். மண்ணில் அலையும் கரண்ட் அதிகமாக இருந்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான கருவிகள் சப்ளையின் அலைவெண்ணோடு மோதாத வேறோர் அலைவெண்ணில் அளப்பது இதனால்தான். அப்படியும் ஆடினால் முளைகளை இடம் மாற்றுங்கள்.

முதல் அளவு 18.5 மீட்டரில். அப்புறம் மின்னழுத்த முளையை மட்டும் பிடுங்கி 3 மீட்டர் ராடு பக்கமும், அடுத்து 3 மீட்டர் அந்தப் பக்கமும் அடித்து அளங்கள். 15.5 மீட்டரில் 41.2, 18.5 மீட்டரில் 42.0, 21.5 மீட்டரில் 43.1 ஓம் என்று வந்தால் சராசரி 42.1. எந்த அளவும் சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை, இதை ஏற்கலாம்.

31, 42, 58 என்று ஏறிக்கொண்டே போனால் சமதளமே இல்லை, வட்டங்கள் மோதுகின்றன என்று பொருள். நடுவில் உள்ள 42-ஐ எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். மின்னோட்ட முளையை இன்னும் தள்ளி அடித்து மூன்றையும் மறுபடி எடுங்கள். ஒரே ஒரு அளவோடு நிறுத்தியவருக்கு இந்த இரண்டு நிலைமைக்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது. இரண்டிலும் நடு எண் 42-தான்.

எதிர்பார்க்கும் தடை 1 ஓமுக்குக் கீழே என்றால் நான்கு முனை இணைப்பில் அளங்கள். மூன்று முனையில் ராடுக்குப் போகும் லீடின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். 42 ஓமில் அது பொருட்டல்ல, 0.5 ஓமில் பொருட்டுதான்.

வானில் இடி இருந்தால் இந்த வேலையே வேண்டாம். ஒயர்கள் மைதானம் முழுக்கக் கிடக்கின்றன, நீங்கள் அதன் முனையில் இருக்கிறீர்கள்.

6. முளை அடிக்க இடமே இல்லாவிட்டால்

கிளாம்ப் வகை எர்த் டெஸ்டரைக் கம்பியைச் சுற்றி மாட்டினால் போதும், எதையும் கழற்ற வேண்டாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு மூடிய சுற்று வேண்டும். ராடு வழியாக மண்ணுக்குள் போய், வேறு எர்த்துகள் வழியாகத் திரும்பி வரும் பாதை இருந்தால்தான் அது அளக்கும். எர்த்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தனி ராடில் கிளாம்பை மாட்டினால் எண்ணே வராது. நேர்மாறாக 0.3 ஓம் என்று ஆசையாக ஒரு எண் வந்தால் சந்தேகப்படுங்கள். கிளாம்ப் மண்ணைத் தொடாத ஓர் உலோக வளையத்தைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

டிடியில் இன்னொரு வழி லூப் டெஸ்டர். மெயினை அணைத்து, ராடுக் கம்பியை எர்த் பாரிலிருந்து கழற்றி, மெயினுக்கு உள்ளே வரும் லைனுக்கும் ராடுக் கம்பிக்கும் இடையே அளப்பது. வருவது ராடோடு சப்ளை பக்கத்து எர்த்தும் கம்பிகளும் சேர்ந்த மொத்தம். ராடின் உண்மையான தடை அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால், பாதுகாப்புக் கணக்குக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

7. லூப் சோதனைக்கு முன் எர்த் கம்பியின் தொடர்ச்சி

எர்த்தைத் திரும்ப மாட்டி, முனையைத் தேய்த்து இறுக்குங்கள். ஆனால் மெயினைப் போட அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு சர்க்யூட்டின் கடைசிப் பாயிண்ட் வரை எர்த் கம்பி அறுபடாமல் போகிறதா என்று மின்சாரம் இல்லாதபோதே ஓம் மீட்டரில் பார்த்துவிட வேண்டும். இன்சுலேஷன் சோதனையும் இப்போதே முடியட்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. லூப் டெஸ்டர் லைனிலிருந்து எர்த்துக்கு வேண்டுமென்றே கரண்டை அனுப்புகிறது. நடுவில் எர்த் அறுந்திருந்தால் அந்தக் கரண்டுக்குப் போக்கிடம் இல்லை. அறுந்த இடத்துக்கு இப்பால் உள்ள உலோக உறைகள் எல்லாம் அந்தக் கணத்தில் லைன் வோல்டேஜுக்கு ஏறும். அடுத்த அறையில் ஒருவர் வாஷிங் மெஷினில் கை வைத்து நின்றுகொண்டிருக்கலாம்.

8. லூப் தடை

டிஎன்னில் முதலில், மெயின் அணைந்திருக்கும்போதே, சப்ளை நுழையும் இடத்தில் எர்த் கம்பியைக் கழற்றி, சப்ளையின் லூப்பை மட்டும் அளந்து வையுங்கள். கழற்றுவதற்கான காரணம் பழையதுதான், இணைப் பாதைகள் எண்ணைக் குறைத்துக் காட்டும். அளந்ததும் மாட்டிவிடுங்கள். அதன் பிறகு மெயினைப் போட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டிலும் மிகத் தூரத்தில் உள்ள பாயிண்டில் அளங்கள். பக்கத்துப் பாயிண்டில் நல்ல எண் வருவது இயல்பு, அதை எழுதி வைத்துப் பயனில்லை.

ஆர்சிசிபி உள்ள சர்க்யூட்டில் சாதாரண லூப் சோதனை செய்தால் அது டிரிப் ஆகிவிடும். ஆர்சிசிபியைச் சுற்றி ஜம்பர் போடுவதைச் சிலரிடம் பார்த்திருக்கிறேன். மகா தவறு, எடுக்க மறந்தால் முடிந்தது கதை. டிரிப் ஆகாத குறைந்த கரண்ட் முறையில் அளங்கள். அந்த முறையில் கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடும், எனவே இரண்டு மூன்று தடவை எடுங்கள். இல்லாவிட்டால் சப்ளையின் லூப்போடு, மின்சாரம் இல்லாதபோது அளந்த லைன், எர்த் கம்பிகளின் தடையைக் கூட்டிக்கொள்ளலாம்.

டிடியில் ஒரு குறுக்குச் சோதனை செய்து பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது இது. ராடு தனியாக 42 ஓம். எல்லாம் மாட்டிய பிறகு லூப் 6 ஓம் காட்டுகிறது. மொத்தம் எப்படி ஒரு பகுதியைவிடக் குறைந்தது? எங்கோ ஓர் உலோகக் குழாயோ கட்டிட இரும்போ மண்ணைத் தொட்டுக்கொண்டு ராடுக்கு உதவுகிறது. நல்லதுதானே என்று விட்டுவிடக் கூடாது. நாளை அந்தக் குழாயைக் கழற்றி பிளாஸ்டிக் குழாய் போட்டால் மிஞ்சுவது 42-தான். கணக்கை 42-ஐ வைத்தே போடுங்கள்.

9. ஓமிலிருந்து ஆம்பியருக்கு

ஃபால்ட் கரண்ட் என்பது வோல்டேஜை லூப் தடையால் வகுத்தால் வருவது. கேள்வி ஒன்றுதான்: அந்தக் கரண்ட், அதிகக் கரண்ட் ஓடினால் தானே துண்டிக்கும் ஸ்விட்சான எம்சிபியை உடனே டிரிப் செய்யுமா?

பி வகை எம்சிபி அதன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்குக்குள்ளும், சி வகை 5 முதல் 10 மடங்குக்குள்ளும், டி வகை 10 முதல் 20 மடங்குக்குள்ளும் காந்த விசையால் உடனே விழும். எப்போதும் மேல் எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். 32 ஆம்பியர் சி வகைக்கு 320 ஆம்பியர் வேண்டும்.

கடைசிப் பாயிண்டில் 0.62 ஓம் வருகிறது என்று வையுங்கள். 230-ஐ 0.62-ஆல் வகுத்தால் 371 ஆம்பியர். 320-ஐ விட அதிகம், பாஸ் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் நீங்கள் அளந்தது கம்பி குளிர்ந்திருக்கும்போது. முழு லோடில் தாமிரம் 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடேறினால் அதன் தடை சுமார் 20 சதவீதம் கூடும். 0.62 என்பது 0.74 ஆகும், கரண்ட் 310 ஆம்பியர் சுமாருக்கு இறங்கும், எம்சிபி உடனே விழும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அளந்த எண், கணக்கு எல்லையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும் என்ற சுருக்கு விதி இருக்கிறது. இங்கே எல்லை 230-ஐ 320-ஆல் வகுத்தால் வரும் 0.72, அதில் மூன்றில் இரண்டு 0.48. நம் 0.62 தேறவில்லை.

இனி டிடிக்கு வாருங்கள். ராடு 42, சப்ளை பக்கம் 3 ஓம் என்றால் ஃபால்ட் கரண்ட் வெறும் 5.1 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்சிபிகூட அசையாது. இயந்திரத்தின் உறை 215 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும். எர்த் இருக்கிறது, எம்சிபி இருக்கிறது, அப்புறம் என்ன பயம் என்பவரிடம் இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும். டிடியில் ஆர்சிசிபி இல்லாமல் பாதுகாப்பு இல்லை.

ஆர்சிசிபியோடு கணக்கு மாறுகிறது. ராடின் தடையை ஆர்சிசிபியின் டிரிப் கரண்டால் பெருக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 30 மில்லி ஆம்பியருக்கு 1,667 ஓம் வரை, 300 மில்லி ஆம்பியருக்கு 167 ஓம் வரை என்று வரும். ஆனால் 1,667 என்பது காகிதக் கணக்கு. 200 ஓமுக்கு மேல் உள்ள ராடு பருவத்துக்குப் பருவம் எங்கே போகும் என்று நம்ப முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு, பலரும் மறப்பது. சப்ளை நுழையும் இடத்தில் ஃபால்ட் கரண்ட் எவ்வளவு பெரிதாகலாம்? அங்கே லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், லைனுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளந்து, பெரிய கரண்டைத் தருவதை எடுங்கள். 0.05 ஓம் என்றால் 4,600 ஆம்பியர். மூன்று ஃபேஸ் என்றால் அதை இரண்டால் பெருக்கிவிடுங்கள், கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் பாதுகாப்பான பக்கம்தான். 9.2 கிலோ ஆம்பியர் வருகிற இடத்தில் 6 கிலோ ஆம்பியர் வரை மட்டுமே துண்டிக்கக்கூடிய எம்சிபி போட்டிருந்தால், அது கரண்டைத் துண்டிக்கும் முன் தானே வெடிக்கலாம். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் கருவியின் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 0.04 ஓம் என்றால் 5,750 ஆம்பியர், 0.03 என்றால் 7,667. கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே முடிவு மாறுகிறது.

10. ஆர்சிசிபி

டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், விழுந்தது, எனவே எர்த் சரி என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கசிவை உண்டாக்குகிறது. ராடே இல்லாத வீட்டிலும் அது விழும். பட்டன் சோதிப்பது இயந்திர அமைப்பை மட்டுமே.

டெஸ்டரில் பாதிக் கரண்டில் விழக் கூடாது, முழுக் கரண்டில் 300 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும், ஐந்து மடங்கில் 40 மில்லி செகண்டுக்குள். அலையின் இரு பாதிகளிலும் சோதித்து, நீளமான நேரத்தை எழுதுங்கள். தாமத வகை ஆர்சிசிபிக்கு இந்த எல்லைகள் பொருந்தாது.

11. ராடின் தடை அதிகமாக இருந்தால்

தடித்த ராடு வாங்கலாமா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். மண்ணின் தடைமை 100 ஓம் மீட்டர், ராடு 3 மீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கணக்குப்படி 33.5 ஓம். தடிமனை இரட்டிப்பாக்கினால் 29.8. நீளத்தை இரட்டிப்பாக்கினால் 18.6. ஆழத்தில் ஈரம் இருந்தால் இன்னும் குறையும். காசைத் தடிமனில் போடாமல் ஆழத்தில் போடுங்கள்.

ஆழத்தில் பாறை தட்டினால் இன்னொரு ராடு அடிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ராடின் நீளமாவது இடைவெளி விடுங்கள், அதைப்போல் இரண்டு மடங்கு விட்டால் இன்னும் நல்லது. ஒட்டி அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைப் பகிர்ந்துகொள்ளும், தடை பாதியாகாது. உப்பு கொட்டுவது உடனே எண்ணைக் குறைக்கும். ஆனால் மழையில் கரைந்து போகும், ராடையும் கிளாம்பையும் அரிக்கும்.

எதையும் மாற்றும் முன் ராடின் தலையில் உள்ள கிளாம்பைக் கழற்றித் தேய்த்து மாட்டி, எர்த் பார் பக்கத்துக் கம்பி முனையிலிருந்து மறுபடி ஒரு முறை அளங்கள். மண்ணின்மேல் பழி போட்ட சில இடங்களில் குற்றவாளி பச்சை பிடித்த அந்தக் கிளாம்ப்தான்.

12. எழுதி வைக்க வேண்டியவை

ராடின் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். முளைகளின் தூரம், திசை, மூன்று அளவுகள், எர்த் கழற்றப்பட்டிருந்ததா, மண் ஈரமா காய்ந்ததா, தேதி, கருவி எது என்பதையும் சேருங்கள். அடுத்து வருபவர் அதே இடத்தில் அதே முளையை அடித்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும். மழைக்கு மறுநாள் 42 வந்த ராடை, நீண்ட வறட்சிக்குப் பிறகு மண் வெடித்துக் கிடக்கும்போது இன்னொரு முறை அளந்து, எது பெரிதோ அதை வைத்து ஒன்பதாம் படியின் கணக்கைப் போடுங்கள்.